ஸ்டேஷனோடு சேர்த்து ஒரு வீடு

டெர்ரிநாஷா, லீட்ரிம்
4 மார்ச் 1974

அன்புள்ள வினிஃப்ரெட்,

சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, காலமான ஹூபர்ட் மல்வியின் வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை அடித்தபோது அங்கே இருந்தவர்கள்: பலகை கொண்டுவந்த ஏல அலுவலகத்து ஆள், அவருக்குச் சுத்தியல் கொடுத்த என் கணவர் ஃபோன்சி, சுத்தியலை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று இருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்த யூஸ்டஸ் எர்லி, விதவை எல்லன் ரோடஹன், சைக்கிளை விட்டு இறங்காமலே வேடிக்கை பார்த்த தபால்காரர், நான். ஆக ஆறு பேர். எர்லியின் நாயைச் சேர்க்கவில்லை.

நலம் விசாரிக்காமல் ஆரம்பித்துவிட்டேன், மன்னித்துக்கொள். தவக்காலத்துக்காகத் தேநீரில் சர்க்கரை போடுவதை விட்டதிலிருந்து எனக்கு எதுவும் வரிசையாக வருவதில்லை. நீயும் என் தம்பி மாலக்கியும் சுகமா? அவன் நெஞ்சுச் சளி குறைந்ததா? தேவமாதாவின் தயவில் நாங்கள் நலம். ஃபோன்சிக்கு முழங்கால் வலி உண்டு, ஆனால் மழைக்கு முந்தின நாள் மட்டும்தான். அதாவது தினமும்.

கிறிஸ்துமஸுக்கு நீ எழுதிய கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். நவம்பரில் மாலக்கி ஓய்வு பெற்றால் மூன்று மாதத்தில் ரயில்வே வீட்டைக் காலி செய்ய வேண்டும், கடல் தாண்டி அங்கே க்ரூ நகரத்தில் கேட்கிற விலைக்கு ஒரு அறைகூட வாங்க முடியாது, கையில் இருப்பது உன் அத்தை விட்டுப்போனதும் நீ பிளாட்பாரத்துத் தேநீர்க் கடையில் சேர்த்ததும் மட்டும்தான் என்று எழுதியிருந்தாய். மல்வி வீட்டுக்குக் கேட்கிற விலை ஆயிரத்து இருநூறு பவுன். குறைப்பார்கள். வாரிசு டப்ளினில் இருக்கும் ஒரு பள்ளி ஆசிரியர், அவருக்கு இந்தப் பக்கத்து மழையே பிடிக்காது.

வீட்டின் குறைகளை முதலில் சொல்கிறேன். கிணறு அறுபது கெஜம் தள்ளி. மேற்குச் சுவரில் ஈரம். நிலம் ஒரு ஏக்கர், அதில் முக்கால் ஏக்கர் கோரை. நிறைகள்: மூன்று அறை, நல்ல கல் ஓடு, வாசலில் இருந்து பார்த்தால் ஏரி. எங்கள் வீடு கூப்பிடு தூரம்.

இன்னொன்று. இந்த அக்டோபர் ஸ்டேஷன் அந்த வீட்டுக்குத்தான். அதற்குள் ஆள் வராவிட்டால் அது தள்ளி அடுத்த வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். ஆகவே அக்டோபருக்குள் நீங்கள் வந்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது. ஃபோன்சியைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

உங்கள் இருவரையும் ஜெபமாலையில் நினைத்துக்கொள்ளும்
அட்ராக்டா கில்ஹூலி


க்ரூ
18 மார்ச் 1974

அன்புள்ள அட்ராக்டா அக்கா,

உங்கள் கடிதத்தைச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்து நான்கு வண்டிகளுக்கு இடையில் படித்தேன். இனிமேல் தேநீர்க் கடை முகவரிக்கே எழுதுங்கள். மாலக்கியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் முதலில் வேண்டாம் என்பார். என்னைக் கல்யாணம் செய்வதற்கே இரண்டு வருடம் வேண்டாம் என்றார். ஓய்வு பெறும் நாளில் சாவியைக் கையில் கொடுத்துவிட்டால் வேண்டாம் என்று சொல்ல நேரமிருக்காது.

அவர் நெஞ்சு இப்போது தேவலை. எனக்குக் கால் வீக்கம், அது இந்த வேலையில் எல்லோருக்கும் உள்ளதுதான். ஃபோன்சி அண்ணனின் முழங்காலுக்குக் கம்பளித் துணி சுற்றச் சொல்லுங்கள்.

ஈரச் சுவரும் கோரையும் இருக்கட்டும். எனக்குப் பிடித்த வரி ஸ்டேஷன்தான். உங்கள் பக்கத்து ரயில் பாதையை 1959-இல் பிடுங்கிவிட்டார்கள் என்று மாலக்கி யாரோ செத்ததுபோலச் சொல்லுவார். மறுபடி போடுகிறார்களா? முப்பத்தெட்டு வருடம் சிக்னல் பெட்டியில் உட்கார்ந்த மனிதருக்கு வீட்டு வாசலிலேயே ஸ்டேஷன் என்றால், அவர் ஆயுள் பத்து வருடம் கூடும். சில கேள்விகள். எத்தனை முறை வரும்? எத்தனை பேர் இறங்குவார்கள்? பொறுப்பு யார்? சத்தம் எப்படி? வீட்டை இடிக்கச் சொல்ல மாட்டார்களே?

அன்புடன்
வினிஃப்ரெட்


டெர்ரிநாஷா
25 மார்ச் 1974, மங்கள வார்த்தைத் திருநாள்

அன்புள்ள சிஸ்டர் பெனிக்னஸ்,

கூடப்பிறந்த தங்கையைச் சிஸ்டர் என்று எழுத இருபத்தாறு வருடத்தில் பழகிவிட்டேன். உன் இருமலும் மடத்துப் பசுக்களும் எப்படி? மதர் இப்போதெல்லாம் கடிதங்களைப் பிரிப்பதில்லை என்று எழுதியிருந்தாய். அதை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊர் ஸ்டேஷன் வரிசை உனக்குத் தெரியும். பன்னிரண்டு வீடு, வசந்தத்தில் ஒரு வீடு, இலையுதிரில் ஒரு வீடு. ஃபாதர் வந்து அடுப்படி மேசையில் பூசை வைப்பார், அக்கம்பக்கம் அத்தனை பேரும் முழங்காலில் நிற்பார்கள், பிறகு எல்லோருக்கும் தேநீர். ஆறு வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரும் பாக்கியம். அந்தப் பாக்கியம் இந்த அக்டோபரில் என் வீட்டுக்கு வரவேண்டாம் என்று நான் ஜெபிக்கிறேன். என் வீட்டுக்கு வராதேயும் என்று ஆண்டவரிடமே மன்றாடுவது என்ன வகை ஜெபம் என்று எனக்குத் தெரியவில்லை.

காரணம் ஃபோன்சி. நான்கு வருடத்துக்கு முன் ஃபாதர் குடியிருக்கும் பங்கு வீட்டுக்கு அவர் போட்ட சாக்கடை பின்பக்கமாகப் பொங்கியது. அந்த ஞாயிறு சுவிசேஷத்தில் ஃபாதர் டான்சி, கோணலானவை நேராகும் என்று வாசித்துவிட்டு, ஃபோன்சி இருந்த வரிசையைப் பார்த்து, "சிலது ஆகாது" என்றார். கோயிலே சிரித்தது. அன்றிலிருந்து இவர் ஏழு மைல் சைக்கிள் மிதித்து அடுத்த பங்குக் கோயிலில் பூசை காண்கிறார். ஸ்டேஷன் நம் வீட்டுக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அந்த ஆளு முன்வாசல்ல வரட்டும், நான் பின்வாசல்ல போறேன். ஊர் பார்த்தா பார்த்துட்டுப் போகட்டும்" என்றார். நாற்பது பேர் முன்னால் அவர் எழுந்து போவதை நினைத்ததும் ஜெபமாலையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். மல்வி வீட்டில் ஆள் வந்துவிட்டால் எங்கள் முறை ஏப்ரலுக்குப் போகும். அதற்குள் இவர் மனம் மாறலாம், அல்லது பிஷப் ஃபாதரை மாற்றலாம்.

அதனால் அந்த வீட்டை வாங்கச் சொல்லி மாலக்கியின் மனைவிக்கு எழுதினேன். அவள் மெதடிஸ்ட் சபை, நம் வழக்கங்கள் தெரியாதவள். ஸ்டேஷன் என்றால் ரயில்வே ஸ்டேஷன் என்று நினைத்துவிட்டாள். மிகுந்த சந்தோஷத்தில் இருக்கிறாள். நான் பொய் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான். இது பாவமா?

உன் ஜெபத்தை வேண்டும்
அட்ராக்டா


(ஈஸ்டர் வாழ்த்து அட்டை, கால்வே மடத்திலிருந்து)

அன்புள்ள அட்ராக்டா, உயிர்த்த ஆண்டவரின் சமாதானம். இருமல் இல்லை, பசுக்கள் நலம். "சொல்லவில்லை, அவ்வளவுதான்" என்ற வரியை இரண்டு முறை படித்தேன். பள்ளியில் நீ டீச்சரின் ஜன்னலை உடைத்தபோதும் இதே வரியைத்தான் சொன்னாய். அவளிடம் சொல். — பெனிக்னஸ்


டெர்ரிநாஷா
29 ஏப்ரல் 1974

அன்புள்ள வினிஃப்ரெட்,

பதில் தாமதித்ததற்கு மன்னி. ஈஸ்டர், பிறகு எல்லன் ரோடஹன் வீட்டில் வசந்த ஸ்டேஷன், பிறகு ஃபோன்சியின் முழங்கால். உன் கால் வீக்கம் வடிந்ததா? உப்புத் தண்ணீரில் வை.

உன் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு யோசித்துப் பதில் எழுதுகிறேன். எத்தனை முறை என்றால், வருடத்துக்கு இரண்டு, வசந்தத்தில் ஒன்று, இலையுதிரில் ஒன்று. எத்தனை பேர் என்றால், நாற்பதுக்குக் குறையாது, மழையானால் முப்பத்தெட்டு. பொறுப்பு ஃபாதர் டான்சி. அவர்தான் முதலில் வருவார். கையில் புத்தகம் வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுவார், பெயருக்குரியவர் பணம் கொடுப்பார். வருகிற அத்தனை பேருக்கும் தேநீர் கொடுக்க வேண்டும், ஃபாதருக்கு அவித்த முட்டையும். சத்தம், பாடத் தெரியாதவர்கள் பாடும்போது மட்டும். இடிக்கச் சொல்ல மாட்டார்கள், வெள்ளையடித்தால் போதும். ரயில் பாதையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

ஆயிரத்து ஐம்பதுக்கு இறங்கிவிட்டார்கள். அதில் பத்து பவுனை விற்பவர் உன் கையில் திருப்பித் தருவார், அதிர்ஷ்டத்துக்காக. அது இங்கே வழக்கம். போன வாரம் ஒரு ஜெர்மன்காரர் வண்டியில் வந்து வீட்டைப் பார்த்தார். ஆயிரத்து நானூறு வரை தருவதாக இருந்தாராம். யூஸ்டஸ் எர்லி அவருக்கு மேற்குச் சுவரைக் காட்டினார், ஃபோன்சி கிணற்றைக் காட்டினார், எல்லன் ரோடஹன் ஹூபர்ட் எந்தக் கட்டிலில் இறந்தார் என்று காட்டினாள். போய்விட்டார்.

மாலக்கியைக் கேட்டதாகச் சொல் என்று எழுத நினைத்தேன். சொல்ல முடியாதே.

அன்புடன்
அட்ராக்டா


க்ரூ
20 ஜூன் 1974

அன்புள்ள அட்ராக்டா அக்கா,

கையெழுத்துப் போட்டாயிற்று. வக்கீலுக்குப் பணமும் அனுப்பிவிட்டேன். பார்க்காமலே வீடு வாங்கியிருக்கிறேன் என்று கடையில் டோரிஸிடம் சொன்னதற்கு, "உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு வின்" என்றாள். "என் நாத்தனார் பார்த்திருக்காங்க. ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல மாட்டாங்க" என்றேன்.

நீங்கள் எழுதியதை வைத்து விஷயத்தைப் புரிந்துகொண்டேன். பக்தர்களுக்கான சிறப்பு வண்டி, இல்லையா? பாதிரியாரே டிக்கெட் புத்தகத்தோடு வருவது புதிது, ஆனால் நல்ல ஏற்பாடு. இங்கே அந்த வேலைக்கு மூன்று பேர், மூவரும் தூங்குகிறார்கள். நாற்பது கோப்பைக்கு நீங்கள் பயப்பட வேண்டாம். கப்பலுக்குப் போகும் வண்டி வந்து நின்றால் ஏழு நிமிடத்தில் நூற்றிருபது கோப்பை ஊற்றுகிறவள் நான். ஒரு கோப்பைக்கு என்ன விலை வைக்கலாம்? நான்கு பென்ஸ் அதிகமா?

மாலக்கிக்கு இன்னும் தெரியாது. நேற்று அவராகவே, "ஏரி தெரியற மாதிரி ஒரு ஜன்னல் இருந்தா நல்லா இருக்கும்ல" என்றார். நான் துணி மடித்துக்கொண்டே இருந்தேன்.

அன்புடன்
வினிஃப்ரெட்


டெர்ரிநாஷா
5 ஜூலை 1974

அன்புள்ள வினிஃப்ரெட்,

சாவி என்னிடம் வந்துவிட்டது. பத்து பவுன் அதிர்ஷ்டக் காசும் வந்தது, உறையில் போட்டுத் தேவமாதா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். நாங்கள் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

கோப்பைக்குக் காசு வாங்கும் வழக்கம் இங்கே இல்லை.

நீ உன் தோழியிடம் என்னைப் பற்றிச் சொன்னதைப் படித்து எனக்குத் தூக்கம் வரவில்லை. உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது பெரிய விஷயம் அல்ல, அதாவது பெரிய விஷயம்தான், ஆனால் கெட்ட விஷயம் அல்ல. இந்த ஸ்டேஷன் என்பது

தபால்காரர் வாசலில் நிற்கிறார். அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன்.

அட்ராக்டா


க்ரூ
9 செப்டம்பர் 1974

அன்புள்ள அட்ராக்டா அக்கா,

அடுத்த கடிதத்துக்கு ஒன்பது வாரம் காத்திருந்தேன். உங்கள் தபால்காரர் இன்னும் வாசலில்தான் நிற்கிறார் போலும். நான் நலம்.

வெள்ளிக்கிழமை வக்கீலின் கடிதம் தவறுதலாக வீட்டு முகவரிக்கு வந்துவிட்டது. மாலக்கி பிரித்துவிட்டார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டாம் என்று அவர் வாய் திறக்குமுன், "வாசல்லயே ஸ்டேஷன் வருது, அக்டோபர்ல" என்றேன்.

"என்ன ஸ்டேஷன்?"

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நாற்பது பேர், புத்தகம், பெயர் கூப்பிடுவது, அவித்த முட்டை. முட்டை வந்ததும் அவர் சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டும்வரை சிரித்தார். இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார்.

"வின், அது ரயில் இல்ல. பூசை. பாதிரியாரு, ஊர் சனம், எல்லாம் நம்ம அடுப்படிக்குள்ள" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அடுத்த முறை யார் வீடு?" என்று கேட்டார்.

"உங்க அக்கா வீடு."

"ஃபோன்சிக்கும் பாதிரியாருக்கும் என்ன தகராறு?"

அப்படி எதுவும் கடிதத்தில் இல்லையே என்றேன். "ஃபோன்சியைப் பத்திக் கவலைப்பட வேண்டாம்னு எழுதியிருக்கா பாரு. எங்க அக்கா யாரைப் பத்திக் கவலைப்பட வேண்டாம்னு சொல்றாளோ, அங்கதான் விஷயம் இருக்கும்" என்றார்.

அக்கா, நான் கோபமாகத்தான் எழுதுகிறேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். மெதடிஸ்ட் கோயிலில் கல்யாணம் செய்ததால் உங்கள் தம்பி ஊருக்கே வரவில்லை, உங்கள் வீட்டார் என்னிடம் எதுவும் கேட்டதும் இல்லை. கிறிஸ்துமஸுக்குச் சௌக்கியமா என்று கேட்பதோடு சரி. நீங்கள் நேராகக் கேட்டிருந்தால் நான் வீடு வாங்கியிருப்பேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் வந்து தேநீர் போட்டுக் கொடுத்திருப்பேன்.

இனி வீட்டை விற்க முடியாது, விற்கவும் மனமில்லை. அவர் ஜன்னல் எந்தப் பக்கம் என்று தினமும் கேட்கிறார். அக்டோபருக்கு ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறோம். ஸ்டேஷன் நடக்கட்டும். என் மேசையில் பூசை வைக்க உங்கள் ஃபாதருக்குச் சம்மதமா என்று கேட்டு எழுதுங்கள். நீங்களே போய்க் கேட்க வேண்டும்.

வினிஃப்ரெட்


டெர்ரிநாஷா
16 செப்டம்பர் 1974

அன்புள்ள வினிஃப்ரெட்,

நீ எழுதியது அத்தனையும் சரி. ஒரு வரியைக்கூட மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. சாக்கடைக் கதையைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், மாலக்கிக்குப் படித்துக் காட்டு. நான் செய்தது தந்திரம். கடிதம் எழுதும்போது ஒவ்வொரு வரியும் உண்மைதானா என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். உண்மை எழுதுகிறவர்கள் அப்படிப் பார்க்க மாட்டார்கள் என்று பிறகுதான் தோன்றியது. என்னை மன்னிக்க முடிந்தால் மன்னி.

நேற்றே பங்கு வீட்டுக்குப் போனேன். நீ மெதடிஸ்ட் என்றும், மாலக்கி முப்பத்தொரு வருடமாகக் கோயில் பக்கம் வரவில்லை என்றும், நான் உன்னை ஏமாற்றி வீடு வாங்க வைத்தேன் என்றும் நின்றபடியே சொன்னேன். ஃபாதர் டான்சி பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த அம்மாவுக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

"க்ரூ ஸ்டேஷன்ல தேநீர்க் கடை, ஃபாதர்."

"பனிக்காலத்துல ஒரு தடவை அங்க நாலு மணி நேரம் வண்டிக்காக நின்னிருக்கேன். ஒரு அம்மா கூப்பிட்டு ரெண்டு கோப்பை சூடாக் கொடுத்தாங்க, ரெண்டாவதுக்குக் காசு வாங்கல. அவங்களா இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, வரச் சொல்லுங்க."

ஏன் ஏமாற்றினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஃபோன்சி இன்று ஆரம்பித்தார். ஸ்டேஷன் காலையில் மட்டும் அங்கே இருக்க மாட்டாராம். மற்ற எல்லா நாளும் உன் வேலைக்காரன் என்று சொல்லச் சொன்னார்.

மன்னிப்பை எதிர்பார்க்கும்
அட்ராக்டா


டெர்ரிநாஷா
20 அக்டோபர் 1974

அன்புள்ள சிஸ்டர் பெனிக்னஸ்,

உன் நலத்துக்கு ஜெபிக்கிறேன். வியாழக்கிழமை ஸ்டேஷன் நடந்து முடிந்தது. எப்படி நடந்தது என்று கேள்.

மாலக்கியும் வினிஃப்ரெட்டும் திங்கட்கிழமை வந்தார்கள். அவள் என் கன்னத்தில் முத்தமிட்டாள், ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று. மாலக்கி கிழவனாகிவிட்டான். வீட்டைச் சுற்றி வந்து, "ஸ்டேஷன் எங்க வின்?" என்று ஒரு நாளைக்கு மூன்று முறை கேட்டான். "நீங்க நிக்கறதுதான் ஸ்டேஷன், அந்தக் கதவுக்குச் சாயம் அடிங்க" என்பாள்.

வியாழன் காலை ஏழு மணிக்கு அடுப்பில் தீ மூட்டினால், புகை மேலே போகாமல் அடுப்படிக்குள் இறங்கியது. சுவரெல்லாம் புது வெள்ளை. சைக்கிளில் கிளம்பிக்கொண்டிருந்த ஃபோன்சி எட்டிப் பார்த்தார். "காக்கைக் கூடு. பத்து நிமிஷ வேலை" என்று தீயை அணைக்கச் சொல்லிவிட்டு, ஏணி வைத்து, கம்பியோடு ஓட்டின்மேல் ஏறினார். அரைகுறை வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா போக அவரால் முடியாது, உனக்குத் தெரியும்.

எட்டு மணிக்கு வரவேண்டிய ஃபாதர், பாவசங்கீர்த்தனம் கேட்க ஏழரைக்கே வந்துவிட்டார். கார் நுழைய இடைஞ்சலாக இருக்கிறதென்று யூஸ்டஸ் எர்லி ஏணியைத் தூக்கிக் கொட்டகைக்குப் பின்னால் சாய்த்துவிட்டார். அவரை யாரும் கேட்கவில்லை. அவரை யாரும் எதையும் கேட்பதில்லை, அவராகவே செய்வார். நான் முற்றத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். ஃபோன்சி கூரை முகட்டில் கால் போட்டு உட்கார்ந்து, கன்றுக்குட்டியைக் கட்டிப்பிடிப்பதுபோலப் புகைபோக்கியைக் கட்டிக்கொண்டிருந்தார். வாயில் விரல் வைத்து, பேசாதே என்று காட்டினார். பேசாமலிருக்க எனக்குச் சொல்லித்தர வேண்டுமா?

பூசை ஆரம்பமானது. மேசை அடுப்புக்குப் பக்கத்தில். சுவிசேஷம் முடிந்து ஃபாதர் பிரசங்கத்துக்கு வாய் திறந்தார். அப்போது இரண்டு கை நிறையச் சுள்ளியும் செம்மறி மயிரும் மேலிருந்து பொதேலென்று அடுப்பில் விழுந்தன. ஃபாதர் குனிந்து புகைபோக்கிக்குள் பார்த்தார்.

"மேல யாரு?"

இன்னும் ஒரு சுள்ளி விழுந்தது. பிறகு பக்கத்தில் நின்று பேசுவதுபோலக் குரல் இறங்கி வந்தது. "காக்கை, ஃபாதர்."

"நல்லாப் பேசுதே" என்று சொல்லிவிட்டு அவர் பிரசங்கத்தைத் தொடர்ந்தார். என்ன பிரசங்கம் என்று எனக்கு ஒரு வார்த்தை நினைவில்லை. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

பூசை முடிந்து புத்தகத்தைத் திறந்தார். ஹூபர்ட் மல்வியின் பெயரை அடித்துவிட்டு, மெதுவாக எழுதி, "மாலக்கி மெக்வீனி" என்று கூப்பிட்டார். நம் தம்பி கதவோரத்தில் தொப்பியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். "இருக்கேன் ஃபாதர்" என்றான். வினிஃப்ரெட் கோப்பைகளை அடுக்குவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

அடுத்தது ஃபோன்சியின் முழுப்பெயர், "அல்ஃபோன்சஸ் கில்ஹூலி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். இத்தனை மாதம் எதற்குப் பயந்து இந்த ஆட்டமெல்லாம் ஆடினேனோ, அது வேறொருத்தி வீட்டு அடுப்படியில் வந்து நின்றது. ஏதோ ஒரு பொய்க்கு வாய் திறந்தேன்.

"இருக்கேன்" என்றது புகைபோக்கி.

ஃபாதர் பேனாவை மூடினார். "நாலு வருஷமா உங்களைப் பார்க்கல, ஃபோன்சி."

"இப்பவும் பார்க்கலயே, ஃபாதர்."

யாரோ சிரித்தார்கள். ஃபாதர் சிரிக்கவில்லை. அடுப்புக்கல்லில் ஒரு கை ஊன்றிக் குனிந்தார். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. எல்லார் முன்னாலயும் சொன்னேன், அதனால எல்லார் முன்னாலயும்தான் இதையும் சொல்றேன்."

ஓட்டில் மழைத்துளி விழ ஆரம்பித்தது.

"சாக்கடை வாட்டத்தைத் தப்பாத்தான் போட்டிருந்தேன், ஃபாதர்" என்று ஒருவழியாகப் பதில் வந்தது.

"அது எனக்குத் தெரியும்."

"சரி. இப்ப ஏணியை எவன் எடுத்தான்?"

யூஸ்டஸ் எர்லி எழுந்து ஓடினார்.

அதற்குப் பிறகு வினிஃப்ரெட்டின் கையில் வந்தது வீடு. நாற்பத்து மூன்று பேர், பதினொரு நிமிடம். எல்லன் ரோடஹன் உட்காருமுன் அவள் கையில் கோப்பை இருந்தது. யாராவது வாசலில் நின்று பேசினால், "நகர்ந்து போங்க, பின்னாடி ஆள் நிக்கிறாங்க" என்று பிளாட்பாரத்துக் குரலில் ஒரு அதட்டல். ஃபாதரையும் ஒருமுறை அதட்டினாள், அவரும் நகர்ந்தார். ஃபோன்சி முகமெல்லாம் கரியோடு அவருக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு முட்டை சாப்பிட்டார். காக்கைகளைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

கோப்பை கழுவும்போது வினிஃப்ரெட்டின் பக்கத்தில் போய் நின்றேன். துடைக்கிற துணியை என்னிடம் கொடுத்தாள். இந்த முறை தள்ளி நிற்கவில்லை.

உன்
அட்ராக்டா


டெர்ரிநாஷா
4 நவம்பர் 1974

அன்புள்ள வினிஃப்ரெட்,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? கப்பலில் மாலக்கிக்கு நெஞ்சு எப்படி இருந்தது? இங்கே சுகம். உங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் தீ மூட்டுகிறேன், மேற்குச் சுவர் காய்கிறது. நீங்கள் டிசம்பரில் சாமான்களோடு வரும்போது கட்டில் போட முடியும்.

நேற்று ஃபாதர் கோயிலில் அறிவித்தார்: ஏப்ரல் ஸ்டேஷன், அல்ஃபோன்சஸ் கில்ஹூலி வீட்டில். ஃபோன்சி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், நம் கோயிலிலேயே. வெளியே வந்ததும், "சாக்கடைப் பேச்சை மட்டும் எடுக்க வேண்டாம்னு சொல்லு" என்றார். நீங்களே சொல்லுங்கள் என்றேன். போய்ச் சொன்னார். திரும்பி வந்தபோது, பங்கு வீட்டுச் சாக்கடையை மறுபடி தோண்ட ஒப்புக்கொண்டு வந்திருந்தார்.

ஆகவே அவர் எழுந்து போய்விடுவார் என்ற பயம் இப்போது இல்லை. ஆனால் எனக்கு நாற்பது பேரைச் சமாளிக்கத் தெரியாது. ஆறு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டு ஸ்டேஷனில் பாதிப் பேருக்கு ஆறின தேநீர் கொடுத்தேன், யாரும் சொல்லவில்லை, எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தேதி ஏப்ரல் பத்து, வியாழன், காலை எட்டு மணி. அன்று என் அடுப்படியில் நீ என்னோடு நின்று உதவி செய்வாயா? முடியாது என்றாலும் எழுது, நான் வருத்தப்பட மாட்டேன். அதாவது வருத்தப்படுவேன், ஆனால் அது உன் தப்பு அல்ல.

சீக்கிரம் பதில் போடு.

அன்புடன்
அட்ராக்டா